பெண்கள் வாலிபால்: திறமை இருக்கிறது, ஆட்டங்கள் எங்கே?

பெண்களுக்கான முதல் உலக வாலிபால் சாம்பியன்ஷிப் 1952 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்தது. எட்டு நாடுகள் ஆடின. ஏழு நாடுகள் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போன ஒரே அணி இந்தியா. இன்று இந்த ஆட்டத்தில் கோலோச்சும் ஜப்பான், சீனா, பிரேசில், அமெரிக்கா எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்திய வாலிபால் கூட்டமைப்பு தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நம் பெண்கள் எட்டாவது இடத்தோடு திரும்பினார்கள். முதல் முயற்சி என்ற வகையில் அது தலைகுனிய வேண்டிய முடிவல்ல.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. இந்தியப் பெண்கள் அணி உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடி கால் வைக்கவே இல்லை. 1964-ல் டோக்கியோவில் பெண்கள் வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஒருமுறைகூட நாம் அங்கே போனதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஆண்கள் 1958-ல் வெண்கலமும், 1962-ல் வெள்ளியும், 1986-ல் மீண்டும் வெண்கலமும் வென்றிருக்கிறார்கள். பெண்களுக்கு இதுவரை ஒரு பதக்கம்கூட இல்லை.

திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளி மைதானங்களில் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்தப் பின்னடைவின் காரணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் பெண்களிடம் இல்லாதது உயரமும் அல்ல, உழைப்பும் அல்ல. அவர்களுக்கு ஆட்டங்கள் இல்லை. பள்ளியிலிருந்து தேசிய அணி வரை எந்தப் படியிலும் போதிய ஆட்டங்கள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

தெற்காசியாவைத் தாண்டினால்...

சர்வதேசக் களத்தில் இந்தியப் பெண்கள் அணியின் கணக்கை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெற்காசியாவில் நாம் வெல்கிறோம். 2016-ல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கையை வென்று தங்கம் எடுத்தோம். 2019-ல் காத்மாண்டுவில் நேபாளத்தை 3-2 என்ற செட் கணக்கில் தோற்கடித்துத் தங்கத்தைத் தக்கவைத்தோம். 2023 மே மாதம் அதே காத்மாண்டுவில், நிர்மல் தன்வர் தலைமையில், மத்திய ஆசிய வாலிபால் சங்கத்தின் சேலஞ்ச் கோப்பை இறுதியில் கஜகஸ்தானை 3-0 என்று வீழ்த்தினோம். கஜகஸ்தான் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு. அந்த வெற்றிக்கு நம் நாளிதழ்கள் ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. அது இன்னும் பெரிய செய்தியாகியிருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் என்ன நடந்தது? குழுச் சுற்றில் சீனாவிடமும் வட கொரியாவிடமும் தோற்று, பதக்கப் பாதையிலிருந்து விலகி, பின்வரிசை இடங்களுக்கான ஆட்டங்களை ஆடும் நிலைக்கு நம் பெண்கள் தள்ளப்பட்டார்கள். மே மாதம் கோப்பையை ஏந்தியவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் திறமை இழந்துவிடவில்லை. எதிரில் நின்ற அணியின் தரம் மாறியது. அந்தத் தரத்தோடு மோதிப் பழகும் வாய்ப்பு அவர்களுக்கு அதற்கு முன் கிடைக்கவில்லை.

தெற்காசியாவிலும் நமக்கு இனி நிம்மதி இல்லை. இலங்கையில் 1991 முதல் வாலிபால்தான் தேசிய விளையாட்டு. நேபாளம் 2017-ல் அதே முடிவை எடுத்தது. 2019 இறுதி ஆட்டம் ஐந்து செட் வரை போனதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தொடுகையில் தெரியும் வேறுபாடு

ஆட்டக்களத்தில் இந்த இடைவெளி எங்கே தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்மாஷில் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். அதற்கு முன்பே, சர்வீஸை வாங்கும் முதல் தொடுகையில் அது தெரிந்துவிடும்.

எதிரணி போடும் சர்வீஸை வாங்கி, நெட்டை ஒட்டி நிற்கும் செட்டரின் கைக்குச் சரியாகக் கொண்டுசேர்க்க வேண்டும். நம் ஊர் மைதானங்களில் அவரை ‘லிஃப்டர்’ என்பார்கள். அவர் இடம் நகராமல் பந்தை வாங்கினால் அவருக்குப் பல வழிகள் திறந்திருக்கும்: நடுவில் குயிக், அதாவது தாழ்வான வேகப் பந்து, கொடுக்கலாம், இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளலாம், பின்வரிசையிலிருந்து ஓடிவருபவருக்கும் தூக்கிக் கொடுக்கலாம். பந்து எங்கே போகும் என்று தெரியாமல் எதிரணியின் பிளாக்கர்கள் தடுமாறுவார்கள். முதல் தொடுகை ஓரடி, ஈரடி தவறினாலும் ஒரே வழிதான் மிஞ்சும்: ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிக் கொடுப்பது. அந்தப் பந்து மேலேறிக் கீழே வருவதற்குள் எதிரணியின் இரண்டு பிளாக்கர்கள், சில நேரம் மூன்று பேர், கைகளை நெட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பெண்கள் ஆட்டத்தில் நெட்டின் உயரம் 2.24 மீட்டர். பலம் குறைந்த அணிக்கு எதிராக ஓரத்துப் பந்தை ஓங்கி அடித்தே பாயின்ட் எடுத்துவிடலாம். ஆசியாவின் முன்னணி அணிகளிடம் அது நடக்காது. அங்கே வேகமான குயிக்கும், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழும்பி எதிரணியை ஏமாற்றும் கூட்டு ஆட்டமும் வேண்டும். செட்டருக்கும் அடிப்பவருக்கும் இடையில் கண்ணசைவிலேயே புரிதல் இருந்தால்தான் அது கைகூடும். சில வாரப் பயிற்சி முகாமில் அந்தப் புரிதல் வந்துவிடாது. ஒரே வீராங்கனைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடி, கடினமான சர்வீஸ்களை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பழகினால் மட்டுமே வரும். போட்டிக்குச் சற்று முன்னால் வெவ்வேறு மாநிலங்களிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் பெண்களைத் திரட்டி அனுப்பும் முறையில் அதற்கு இடமே இல்லை.

ஜப்பானும் தாய்லாந்தும் போன வழி

ஜப்பான் பெண்கள் அணி நமக்கு எட்டாண்டு கழித்து, 1960-ல்தான் உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்தது. 1962-ல் உலக சாம்பியன் ஆனது. 1964-ல் சோவியத் அணியை வென்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தது. அந்த அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ கைசுகா என்ற நூற்பாலை அணியின் பெண்கள். பகலில் ஆலை வேலை, அது முடிந்ததும் பயிற்சி. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு அவர்களை வாட்டிய விதத்தை நான் ஆதரிக்கவில்லை. இன்று எந்தப் பயிற்சியாளரும் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. ஆனால் ஒரே அணி, ஒரே களம், ஆண்டு முழுக்க ஆட்டம் என்ற ஏற்பாட்டின் பலனை அவர்களின் வெற்றியில் பார்க்கலாம். வாலிபாலில் உருண்டு விழுந்து பந்தெடுத்து உடனே எழுந்து நிற்கும் உத்தியை உலகுக்குக் காட்டியவர்கள் அந்த ஆலைத் தொழிலாளிகள்தான்.

தாய்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சுமார் 7 கோடி மக்கள். தமிழ்நாட்டை ஒத்த மக்கள்தொகை. உடல்வாகிலும் நம் பெண்களைவிட உயரமானவர்கள் என்று சொல்ல முடியாது. அந்நாட்டின் புகழ்பெற்ற செட்டர் நூட்சரா தோம்கோமின் உயரம் 169 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் இருக்கும் மாணவிகள் நம் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். பயிற்சியாளர் கியாட்டிபோங் ஒரு தலைமுறைப் பெண்களை இளம் வயதிலேயே பிடித்து, பல ஆண்டுகள் பிரிக்காமல் வைத்திருந்தார். அவர்களில் பலர் அசர்பைஜான், துருக்கி போன்ற நாடுகளின் கிளப்புகளுக்குப் போய் ஆடினார்கள். உயரக் குறைவை வேகத்தால் ஈடுகட்டினார்கள். 2009-ல் ஆசிய சாம்பியன் ஆனார்கள். 2013-லும் 2023-லும் அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுத்தார்கள். 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2018-ல் வெள்ளி, 2023-ல் ஹாங்சோவில் மீண்டும் வெண்கலம்.

தாய்லாந்தைப் பார்த்து வியட்நாம் எழுந்தது. 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம், ஹாங்சோவிலும் நான்காம் இடம், 2025-ல் உலக சாம்பியன்ஷிப்பில் இடம். “நம் பெண்கள் குள்ளம், என்ன செய்வது?” என்று கைவிரிப்பவர்கள் இந்த இரண்டு நாடுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆண்களுக்கு லீக் உண்டு

நம் ஆண்கள் அணி அண்மையில் முன்னேறியிருக்கிறது. 2019-ல் புரோ வாலிபால் லீக் நடந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை வென்றது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் தொடங்கி, ஆண்டுதோறும் நடக்கிறது. வெளிநாட்டு வீரர்கள் வந்து ஆடுகிறார்கள், தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது, கிராமத்துப் பையனுக்கும் ஏலத்தில் விலை கிடைக்கிறது. 2023-ல் ஹாங்சோவில் நம் ஆண்கள் தென் கொரியாவை 3-2 என்று வென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஆறாவது இடம் பிடித்தார்கள். லீக் ஒன்றாலேயே அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. வலுவான சர்வீஸையும் உயரமான பிளாக்கையும் வாராவாரம் சந்தித்த அனுபவம் அங்கே உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த இரண்டு லீக்குகளும் ஆண்களுக்கு மட்டுமே நடத்தப்பட்டவை. “பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, விளம்பரம் வராது” என்பார்கள். கிரிக்கெட்டிலும் இதையேதான் சொன்னார்கள். 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது. 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். கிரிக்கெட்டிடம் இருக்கும் பணம் வாலிபாலிடம் இல்லை என்பது உண்மை. ஆண்கள் லீக்குக்கு அரங்கமும் கேமராவும் நடுவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்களே? அதே அரங்கில், அதே நாளில், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னதாக நான்கு பெண்கள் அணிகளை ஆட வைக்க ஆகும் கூடுதல் செலவு தாங்க முடியாததா?

திறமை வேறு வழி தேடிக்கொள்ளும் என்பதற்கும் நம் கண்முன் சான்று இருக்கிறது. 1986-ல் சியோலில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர் பி.வி. ரமணா, அவர் மனைவி விஜயாவும் வாலிபால் வீராங்கனை. இருவரும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அவர்களின் மகள் பி.வி. சிந்து தேர்ந்தெடுத்தது பாட்மிண்டனை. ஹைதராபாத்தில் அவருக்குக் கோபிசந்தின் பயிற்சியகமும் உலகத் தரப் போட்டிகளும் கிடைத்தன. இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களோடும் ஓர் உலகப் பட்டத்தோடும் அவர் நிற்கிறார். அதே உடல்வாகும் உழைப்பும் கொண்ட ஒரு பெண் பெற்றோரின் ஆட்டத்தையே தேர்ந்தெடுத்திருந்தால், அவரை எந்தப் படியில் ஏற்றியிருப்போம் என்று நம்மால் சொல்ல முடியுமா?

நாற்காலிச் சண்டைக்கு யார் விலை கொடுத்தார்கள்?

1975-ல் கேரளத்தின் கே.சி. ஏலம்மாவுக்கும் 1984-ல் சாலி ஜோசப்புக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. அந்தக் கால வீராங்கனைகள் தந்த உற்சாகத்தை வளர்த்தெடுக்க வேண்டிய நிர்வாகம், பின்னாளில் தனக்குள்ளேயே மோதிக்கொண்டது. உள்சண்டை காரணமாக 2016 இறுதியில் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியக் கூட்டமைப்பைத் தடைசெய்தது. 2018-ல்தான் தடை நீங்கியது. 2023-ல் மறுபடி நிர்வாகச் சிக்கல். கோவா தேசிய விளையாட்டுப் போட்டியில் வாலிபால் இடம்பெறவே இல்லை.

இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு போட்டி ரத்தானது என்று மட்டும்தான் தோன்றும். வீராங்கனையின் வீட்டில் அது வேறு மாதிரி. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ரயில்வே, அஞ்சல், காவல் துறை என்று எங்கே போனாலும் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். ஒரு தேசியப் போட்டி நடக்கவில்லை என்றால் அந்த ஆண்டின் சான்றிதழ் இல்லை. வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும். “இன்னும் எத்தனை நாள் விளையாட்டு?” என்று வீட்டில் கேட்கும்போது அந்தப் பெண்ணிடம் பதில் இருக்காது. நாற்காலியில் இருப்பவர்களின் வழக்குகள் இழுத்துக்கொண்டே போகலாம். ஒரு வீராங்கனையின் ஆடும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான்.

திருத்தணியிலிருந்து பார்த்தால்

தேசிய அணியின் நோயை எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே பார்க்கலாம். அரசுப் பள்ளி மாணவிக்குக் குறுவட்டப் போட்டிதான் முதல் படி. அதில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம். பெரும்பாலும் நாக்-அவுட் முறை. பதினாறு அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிடும். ஆண்டு முழுக்கக் காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்த பிள்ளைக்கு ஒரே ஓர் ஆட்டம். அன்று சர்வீஸ் சரியாக விழவில்லை என்றால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

அதே பதினாறு அணிகளை நான்கு குழுக்களாகப் பிரித்து லீக் முறையில் ஆடவைத்தால் குழுச் சுற்றில் மட்டும் 24 ஆட்டங்கள். எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். இரண்டு ஆடுகளம் இருந்தால் மூன்று நாளில் முடித்துவிடலாம். கூடுதல் செலவு என்பது நடுவர் படியும், பிள்ளைகளுக்குச் சாப்பாடும், பேருந்துக் கட்டணமும்தான்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. ம.பொ.சி.யும் அவர் தோழர்களும் போராடி மீட்ட மண் இது. எல்லை வந்த பிறகும் உறவு அறுபடவில்லை. இங்கே வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் விளையாட்டில் மட்டும் திருத்தணி மாணவி மாவட்டப் போட்டிக்காகத் திருவள்ளூர் பக்கம் போவாள். நகரி மாணவி ஆந்திரத்துக்குள் வேறு திசையில் போவாள். அரை மணிப் பயணத் தொலைவில் இருக்கும் இருவரும் நெட்டுக்கு இருபுறமும் நிற்க வாய்ப்பே வருவதில்லை.

அதனால் ஓர் எல்லை லீக் வேண்டும் என்கிறேன். அரக்கோணம், திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், திருப்பதி ஆகிய ஊர்களின் பெண்கள் அணிகள் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி ஆட வேண்டும். ஒரு வாரம் இவர்கள் அங்கே போனால், அடுத்த முறை அவர்கள் இங்கே வரட்டும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். பெண்பிள்ளையை இரவு தங்கவைக்கத் தயங்கும் பெற்றோருக்கும் அது நிம்மதி. இதற்குச் சட்டம் தேவையில்லை. இரு மாநில விளையாட்டு அதிகாரிகளின் ஒப்புதலும், ஆடும் பெண்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழும் இருந்தால் போதும்.

ஆட்டங்களோடு ஆட்களும் வேண்டும். பெண் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில், மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்றுகூட மாணவி யாரிடமும் கேட்க முடியாது; மெல்ல மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கில்லாத மைதானத்தில் எந்தத் தாயும் மகளை விட்டுவைக்க மாட்டார். பிளஸ் டூ வந்ததும் பயிற்சி நின்றுபோவதற்குச் சோம்பல் காரணமில்லை, இவைதான் காரணம். தமிழ்நாட்டுப் பெண்களின் திறமை குறைந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் உத்தராகண்ட் தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர்கள் இறுதிவரை போய், கேரளத்திடம் ஐந்து செட் ஆடித்தான் தோற்றார்கள்.

இனி செய்ய வேண்டியது

இந்திய வாலிபாலுக்கு 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பெரும் அடித்தளம் இட்டது. ஆசிய அளவில் பெயர் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் தமிழ்நாட்டுக்காரர், 1982-ல் அர்ஜுனா விருதும், 2007-ல் துரோணாச்சார்யா விருதும் பெற்றவர். சிவந்தி ஆதித்தன் அகில இந்தியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். பெண்கள் அணியைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பில் தமிழ்நாடு முன்னே நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு இந்த வரலாறே உரிமை தருகிறது.

நான் கேட்பவை நான்கு. பள்ளிப் போட்டிகளில் பெண்களுக்கு நாக்-அவுட்டை விட்டு லீக் முறைக்கு இந்தக் கல்வியாண்டிலேயே மாற வேண்டும். எல்லை மாவட்டங்கள் சேர்ந்து ஆடும் லீக்கைத் திருத்தணியிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்கள் லீக் நடத்துபவர்கள் பெண்கள் அணிகளையும் அதே மேடையில் ஏற்ற வேண்டும். கூட்டமைப்பு இருபத்து நான்கு வீராங்கனைகளை மாதச் சம்பளத்தோடு நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்து, பிரிக்காமல் வைத்திருந்து, ஒவ்வோர் ஆண்டும் தாய்லாந்து, வியட்நாம், கஜகஸ்தான் அணிகளோடு தொடர் ஆட்டங்கள் ஆட அனுப்ப வேண்டும். தோற்பார்கள். தோற்றுத் தோற்றுத்தான் அந்த சர்வீஸை வாங்கக் கற்றுக்கொள்வார்கள்.

2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா விருப்பம் தெரிவித்திருக்கிறது. நடத்தும் நாடு என்ற முறையில் வாலிபாலில் இடம் கிடைத்துவிடலாம். அப்படிக் கிடைக்கும் இடத்தில் போய் நின்று, மூன்று செட்டில் தோற்றுத் திரும்புவது நமக்குப் பெருமையாகாது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் மாணவிக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும். ஒரு வீராங்கனை நன்றாக ஆடத் தொடங்கும் வயது அது. அந்த மாணவி திருத்தணியிலும் இருக்கிறாள், நகரியிலும் இருக்கிறாள். அடுத்த குறுவட்டப் போட்டியில் அவளுக்கு ஓர் ஆட்டம் தரப்போகிறோமா, மூன்று ஆட்டங்கள் தரப்போகிறோமா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம் இந்த மாதமே முடிவு செய்யலாம்.

- கட்டுரையாளர், திருத்தணி வட்டாரத்தைச் சேர்ந்த வாலிபால் பயிற்சியாளர்.